மாடசாமியை வெட்டி ஒட்டிய கதை

நான் ஒரு சாமியைப் பாதியில் வெட்டியவள். அரிவாள் எடுத்தெல்லாம் இல்லை, மவுஸைப் பிடித்துத்தான். எங்கள் குடும்பத்தில் பால்குடி மறக்காத பிள்ளை வரைக்கும் இந்தக் கதை தெரியும் என்பதால் இனி ஒளிக்க வழியில்லை. நானே சொல்லிவிட்டால் மிச்சசொச்ச மரியாதையாவது தங்கும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம். பக்கத்து ஊரில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பெண்கள் பள்ளியில் நான் பாட்டு டீச்சர். முறையாக இசை படித்துப் பட்டயம் வாங்கியவள். அந்தப் பட்டயத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி, வருகிறவர்களை அதற்கு நேர் எதிரே உட்கார வைப்பேன் (காபி வரும்வரை அவர்களும் எதைத்தான் பார்ப்பார்கள்?). தாளம் என்று வந்தால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு அப்போது இருந்தது.

என் வீட்டுக்காரர் சுடலைமுத்து பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம்.

என் மாமனார் எங்கள் குலதெய்வமான மாடசாமி கோவிலில் கோமரத்தாடியாக இருந்தவர். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அடித்து அழைக்கும்போது சாமி யார் மேல் இறங்குகிறதோ, அவர்தான் கோமரத்தாடி. அவர் கடைசியாக ஆடிய கொடைக்குப் பிறகு மூன்று நாள் அவருக்குச் சொந்த மகனையே அடையாளம் தெரியவில்லை. சோறு கொண்டுபோன இவரைப் பார்த்து, "நீ எந்த ஊருடே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். நாலாம் நாள் தெளிந்தார். அந்த வருஷக் கடைசியில் காலமானார்.

அதன்பின் இரண்டு வருஷமாக அந்த இடம் காலி. இன்னார்தான் என்று யாரும் நியமிக்க முடியாது. குடும்பத்து ஆண் ஒருவர் மேல் சாமியாகப் பார்த்து வர வேண்டும், வந்துவிட்டால் ஆயுசுக்கும் அவர்தான். மாமனாருக்கு இவர் ஒரே மகன் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ கொடை நாளன்று விடிந்ததும் பஸ் ஏறி, உதிரிப்பாகம் வாங்கப்போகிறேன் என்று திருநெல்வேலி டவுணில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"அந்தக் கொட்டுச் சத்தம் மட்டும் என் காதுல விழாமப் பாத்துக்கோளா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் என் தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தேன். பாட்டு டீச்சருக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

பள்ளியில் இருந்த ஒரே வாத்தியம் ஆர்மோனியம். அதில் பாதிக் கட்டைகள் ஊமை. அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித்தொகுப்புத் தளம் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். காசு வேண்டாம், எந்த மென்பொருளையும் கணினியில் ஏற்றவும் வேண்டாம். ஒலியைப் போட்டால் திரையில் மேடும் பள்ளமுமாக விரியும். வேண்டியதை வெட்டலாம், ஒட்டலாம், சுழலவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திருச்செந்தூர் ரயிலின் சத்தத்தையும் அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தத்தையும் பதிந்துகொண்டு வந்து, அதை வெட்டி அடுக்கித் தாளம் படித்தார்கள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

தலைமையாசிரியை தங்கம் டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு, வட்டாரத்தில் இருக்கும் டீச்சர்கள் இருபது பேர் நம் பள்ளிக்கு வருகிறார்கள், இந்தத் தளத்தை வைத்து எப்படிப் பாடம் நடத்துகிறாய் என்று செய்து காட்டு என்றார். என் தலை கனத்தது. ரயில் சத்தமெல்லாம் போதாது, வந்தவர்கள் அசந்துபோகிற மாதிரி ஓர் அடி வேண்டும் என்று தோன்றியது. அந்த வாரம்தான் எங்கள் கோவில் கொடை. இவர் வழக்கம்போல டவுணுக்குப் போய்விட்டார். நான் மதியக்கொடைக்குப் போய், வில்லுப்பாட்டைப் பதினொரு நிமிஷம் செல்போனில் பதிந்துகொண்டு வந்தேன். எந்தச் சத்தத்தை வைத்து நடத்தப்போகிறாய் என்று இவர் கேட்டதற்கு, "நெட்ல எடுத்தது அத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்கினார். நான் முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

சாமியை அழைக்கும் அடி திரையில் அழகாக அலை அலையாகப் போனது. எட்டு எண்ணிக்கை, கச்சிதம். அதை மட்டும் எடுத்துச் சுழலவிட்டேன். இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். பெண்களின் குலவை போனது, பிள்ளைகளின் அழுகை போனது, ஐஸ்காரர் மணி போனது. அடி மட்டும் வெறுமையாக நின்றது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கருப்பட்டிப் பாகு காய்ச்சுகிற மாதிரி சாமியைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

பதிவின் கடைசியில் ஏழு தனித்தனி மேடுகள் இருந்தன. ஆட ஆளில்லாவிட்டாலும், அழைத்த சாமி மலையேறித் திரும்பிப் போவதற்காகக் குடத்தில் அடிக்கும் ஏழு அடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே அளவாக இல்லை. கடைசி அடி ரொம்பவே பிந்தி விழுந்தது. என் பட்டயம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சரிப்படுத்தலாமா என்று முப்பது தடவையாவது கேட்டுப் பார்த்துவிட்டு, ஏழையும் சேர்த்து வெட்டித் தூக்கிப் போட்டேன்.

தற்செயலாக உள்ளறைப் பக்கம் திரும்பினேன். இவர் மல்லாந்து தூங்குகிறார். வலதுகால் பெருவிரல் மட்டும் ஆடுகிறது. எட்டு எண்ணிக்கை, கச்சிதம். சத்தம் முழுக்க என் காதுக்குள்தான் இருந்தது, ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், வீட்டில் வேறு சத்தமே இல்லை. நான் நிறுத்தியதும் விரல் நின்றது. மறுபடி ஓடவிட்டேன், விரலும் ஆடியது. கொசு கடிக்கிறது என்று முடிவுசெய்து, எழுந்துபோய்ப் போர்வையை இழுத்து மூடினேன் (என் அறிவைப் பாருங்கள், காலைத்தான் மூடினேன், லேப்டாப்பை மூடவில்லை). செல்போனில் இடமில்லை என்று வந்ததால் அந்தப் பதினொரு நிமிஷப் பதிவையும் அன்றே அழித்தேன்.

செய்து காட்டும் நாளும் வந்தது. ஸ்பீக்கர் இவர் கடையுடையது. பஸ்ஸில் கொண்டுபோனால் நான் உடைத்துவிடுவேன் என்று அவரே பைக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போயிருக்கலாம். பெண்டாட்டி இருபது டீச்சர்களுக்கு முன்னால் பேசுவதைப் பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார். எனக்கு ஒரு நொடி அந்தச் சத்தியம் ஞாபகம் வந்தது. இரைச்சலெல்லாம் நீக்கியாயிற்றே, இது வெறும் கோப்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் என்னைப் பார்த்து அசர வேண்டும் என்ற ஆசைதான்.

அழுத்தினேன்.

முதல் சுற்றுக்கு டீச்சர்கள் தலையாட்டினார்கள். இரண்டாவது சுற்றுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். மூன்றாவதில் கைதட்டல் ஒன்றொன்றாக நின்றது. பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகு காட்டிக் குத்தவைத்திருந்த இவரைப் பார்த்தார்கள். இவர் கையில் இருந்த ஒயரின் நுனி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தோள்பட்டை மட்டும் குலுங்கியது.

பைய எழுந்தார். நாளெல்லாம் செல்போன் மேல் குனிந்திருந்து கூன் விழுந்த மனிதர் அவர். அன்று நேராக நிமிர்ந்தார், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். இடதுகையைப் பின்னால் மடக்கி முதுகோடு வைத்துக்கொண்டார். என் மாமனார் அப்படித்தான் வைப்பார்.

ஆட ஆரம்பித்தார்.

"சூப்பர் டீச்சர்! நாட்டுப்புறக் கலைஞரையும் கூட்டிட்டு வந்துட்டீங்களே!" என்று தங்கம் டீச்சர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். முன்வரிசை டீச்சர் ஒருவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். பாடத்தின் அடுத்த கட்டம் என்று நினைத்திருப்பார் போல.

நிறுத்து பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. பக்கம் பதிலளிக்கவில்லை, காத்திருக்கிறீர்களா என்று திரை கேட்டது. பதற்றத்தில் ஆமாம் என்று அழுத்தித் தொலைத்தேன். ஸ்பீக்கரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன். அது பேட்டரியில் ஓடியது (எட்டு மணி நேரம் நிற்கும் என்று இவரே பெருமையடித்த பேட்டரி). ஸ்பீக்கரைத் தூக்கி முந்தானைக்குள் வைத்து அமுக்கினேன். அடி என் விலா எலும்புக்குள் விழுந்தது. கடைசியில் எப்படியோ அதன் முதுகில் இருந்த சுவிட்ச் கையில் அகப்பட்டது.

சத்தம் நின்றது. அவர் நிற்கவில்லை. சிமெண்ட் தரையில் அவர் கால் அதே அடியை அடித்தது. நான் கூட்டி வைத்த அதே வேகம், இம்மி பிசகவில்லை. மூச்சு இரைத்தது, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. பிறகு அப்படியே என் பக்கம் திரும்பினார். வந்த குரல் அவருடையது இல்லை.

"ஏ தாயி. கூப்பிட்டியே. அனுப்ப மாட்டியா?"

தங்கம் டீச்சர்கூட அப்போதுதான் வாயை மூடினார். செல்போனை மட்டும் இறக்க மறந்துபோனார்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை கத்தினாள். "டீச்சர், ஏழு அடி அடிச்சு முடிச்சு வைங்க! கொடத்துல அடிங்க!"

முடிவு என்னிடம் எங்கே இருக்கிறது? அதைத்தான் வெட்டி எறிந்து, மூலத்தையும் அழித்திருந்தேனே. ஆனால் அந்த ஏழு மேடும் கண்ணுக்குள் அப்படியே நின்றன. முப்பது தடவை கேட்டுக் குறை சொன்னவளுக்கு மறக்குமா? மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். இருபது டீச்சர்களின் செருப்பும் நனைந்தது. பானையை மடியில் சாய்த்து, பரீட்சை அட்டையால் அதன் வாயில் ஓங்கி அடித்தேன்.

ஒன்று. அவர் தலை திரும்பியது. இரண்டு, மூன்று. கால் தளர்ந்தது. நான்கு, ஐந்து. மடக்கிய கை விரிந்தது. ஆறாவதைப் பயத்தில் கூடுதல் பலத்தோடு அடித்துவிட்டேன். பானை உடைந்தது. கழுத்து வளையம் மட்டும் என் கையில் மிஞ்சியது. பிள்ளைகள் வீரிட்டார்கள். இவர் சரிந்து, ஈரத்தரையில் குழந்தை மாதிரி தூங்கிப்போனார்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கண் விழித்துக் கேட்டது, "ஒயர் லூசா இருந்துச்சா?" என்று. பிறகு தன் வெற்று உடம்பைப் பார்த்தார், சிவந்திருந்த பாதத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பைக்கில் வரும்போது ஆற்றுப்பாலத்தில் மட்டும், "நீயாளா பண்ணுனே?" என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள் பெரிய மாமனார் வந்தார். என் மாமனாரின் அண்ணன், கோவிலில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கூடவே சொந்தக்காரர்கள் பத்துப் பேர். பட்டயத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள், யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல வந்தா கணக்குல சேருமாவே?" என்றார் ஒருவர்.

"மாடன் எங்கன வந்தா என்னவே, வந்தது வந்ததுதான்" என்றார் பெரிய மாமனார். "ஏழு அடியும் விழுந்திருந்தா சாமி மலையேறியாச்சு, முத்துவை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஆறோட நின்னிருந்தா அது இன்னும் அவன் மேலதான் நிக்கி. கோவில் எல்லைக்குள்ள கொண்டாந்து மறுபடி வரவழைச்சுத்தான் முடிச்சு வைக்கணும். எல்லைக்குள்ள வந்துட்டா, பெறவு இவன்தான் கோமரத்தாடி. மருமவளே, ஏழா, ஆறா?"

"ஏழு மாமா" என்றேன், கண்ணிமைக்காமல்.

"ஆறுலயே பானை ஒடஞ்சிட்டுன்னு உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளையளே சொல்லுதே?"

"ஏழுதான் மாமா. எங்க தலைமையாசிரியை படம் பிடிச்சிருக்காங்க."

"அப்பம் ஞாயித்துக்கெழம வாரோம். போட்டுக் காட்டு."

அவர்கள் போன பிறகு இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவை மாதிரி நாளைக்கு என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டுவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரை மாட்டிவிட்டது நான், எடுத்துவிட வேண்டியதும் நான்தான். வழியும் எனக்குத் தெரியும். இரண்டாவது அடியை நகலெடுத்து ஆறாவதற்குப் பின்னால் ஒட்டினால் ஏழு. எறும்புகூடக் கண்டுபிடிக்காத ஒட்டு எனக்குக் கைவந்த கலை.

தங்கம் டீச்சரிடம் வாட்ஸ்அப்பில் படத்தை வாங்கினேன். மறுநாள் மத்தியானம், இவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அதே தளத்தைத் திறந்து ஏற்றினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். திரையில் மேடுகள் விரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஓடு சிதறும் இரைச்சல், பிள்ளைகளின் வீரிடல். நகலை ஒட்ட இடம் தேடி மவுஸை நகர்த்தினேன்.

அங்கே ஏழாவது மேடு இருந்தது.

ஓடவிட்டேன். உடையாத முழுக்குடத்தின் ஓசை, கணீரென்று. படத்தில் அதே நொடியில் நான் உடைந்த வளையத்தைப் பிடித்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன். என் கை அசையவில்லை. பக்கத்தில் யாரும் எதையும் தட்டவில்லை. மெதுவாக ஓடவிட்டேன், அப்போதும் இருந்தது. இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். பிள்ளைகளின் குரல் போனது, மின்விசிறிச் சத்தம் போனது, என் சொந்த அழுகைகூடப் போனது. அது போகவில்லை. இடைவெளியை அளந்தேன். ரொம்பவே பிந்தி விழுந்திருந்தது, நான் குறை சொல்லி வெட்டினேனே, அதே பிந்தல்.

பட்டப்பகலில் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு மெல்ல மெல்லச் சந்தோஷம் வந்தது. இவர் தப்பினார், நான் பொய் சொல்லவும் தேவையில்லை. ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் தளத்தை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். படத்தைப் போட்டேன். பெரிய மாமனார் விரலை மடக்கி மடக்கி எண்ணினார். ஏழு. அவர் திரையில் உடைந்துகிடந்த பானையைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மருமவளே, ஒட்டு பிரமாதம். எங்கன ஒட்டிருக்குன்னே தெரியல."

"ஐயோ மாமா! சத்தியமா நான் தொடவே இல்ல!"

அறை முழுக்கச் சிரிப்பு. "அதானே ஒனக்கு வேலையே!" என்றார் ஒருவர். தொண்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். கற்பூரத்தை அணைக்கிறேன் என்றேன். நான் சத்தியம் செய்யச் செய்யச் சிரிப்பு கூடியது. பத்து நாளாக ஊர் முழுக்க, நான் வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரி என்று நானேதான் தம்பட்டம் அடித்திருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எதையும் ஒட்டாமல் காட்டினேன், ஒருவரும் நம்பவில்லை.

இவர் மட்டும் ஹெட்போனைக் கேட்டு வாங்கினார். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். கழற்றிவிட்டு, "ஒட்டுனியா?" என்றார்.

"இல்ல அத்தான்."

"தெரியும்" என்றார். பிறகு பெரிய மாமனார் பக்கம் திரும்பினார். "ஆறுதான் பெரியப்பா. கோவிலுக்கு நான் வாரேன்."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏழாவது அடிச்சது யாருன்னு பாக்கணும்லா?" என்றார்.

இதோடு நான்கு கொடை ஆடிவிட்டார். ஆடி முடித்ததும் நான்தான் முதலில் சோறு கொண்டுபோவேன், எந்த ஊர் என்று கேட்டுவிடக் கூடாதே என்ற நடுக்கத்தோடு. இதுவரை கேட்கவில்லை. வட்டார ஆசிரியர் கூட்டத்திலிருந்து எனக்கு, நாட்டுப்புறக் கலையையும் தொழில்நுட்பத்தையும் சிறப்பாக இணைத்ததாகப் பாராட்டுக் கடிதம் வந்தது (சட்டம் போடவில்லை). குடும்பத்திலோ, நான் கல்யாண போட்டோவைக் காட்டினாலும் சரி, மகளின் மதிப்பெண் பட்டியலைக் காட்டினாலும் சரி, ஒரே கேள்விதான். "ஒட்டுனதா டீச்சர்?" போன மாசம் புளிக்குழம்பு ருசியாக இருந்ததற்கும் கேட்டார்கள்.

ஒவ்வொரு கொடைக்கும் பிறகு நான் இவரிடம், ஏழாவது அடித்தது யார் என்று பார்த்தீர்களா என்று கேட்பேன். இல்லை என்பார். இந்த வருஷம் கொடைப் பந்தியில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்திருந்தபோதும் கேட்டேன்.

"பாத்தேன்" என்றார். "நீதான் அடிச்சே."

பந்தியே குலுங்கிச் சிரித்தது. "அப்பம் ஏழாவதும் டீச்சர் கைவேலைதானா!" என்று பெரிய மாமனாருக்குப் புரை ஏறியது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். இவர் மட்டும் சிரிக்காமல், இலையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.